200 மணி நேரம், ஒரு கையெழுத்து

நான் போய்ப் பழகிய யோகா வகுப்புகள் எல்லாவற்றிலும் பாய் விரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பாடம் எடுத்தவர்களிலும் பெண்களே அதிகம். ஆனால் சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஆண்களுடையவை. வகுப்பு தொடங்கும்போது நாங்கள் சொன்ன குரு வணக்கம் ஆண்களுக்கானது. பயிற்சி முடிந்து கையில் வாங்கிய சான்றிதழின் அடியில் இருந்ததும் ஓர் ஆணின் கையெழுத்து. பெண்கள் காசு கட்டி, பெண்கள் கற்பித்து, பெண்கள் ஆள்சேர்த்து வளர்க்கும் ஒரு தொழிலில், தகுதி வழங்கும் அதிகாரம் மட்டும் ஏன் இப்படி இடம் மாறாமல் இருக்கிறது? யோகா ஆசிரியர் பயிற்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்து நின்றது இந்தக் கேள்விதான்.

யோகா உடலுக்கு நல்லதா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழகிவருகிறேன், எனக்குப் பயன்பட்டிருக்கிறது. 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியையும் முடித்திருக்கிறேன். நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது அந்தப் பயிற்சியை. கல்லூரி முடித்த பெண்கள், குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வேலை தேடும் பெண்கள், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த பெண்கள் எனப் பலரும் சேமிப்பை எடுத்துக் கட்டிச் சேரும் பயிற்சி அது. தமிழில் அதைப் பற்றி எழுதப்படுவதில் என் கண்ணில் படுவது பெரும்பாலும் விளம்பரம்தான்.

ஏன் வருகிறார்கள்?

பயிற்சிக்கு வரும் பெண்களைப் பொழுதுபோகாத வசதிக்காரிகள் என்று கிண்டல் செய்வது சுலபம். என்னோடு படித்தவர்களை நினைத்தால் அந்தக் கிண்டல் எவ்வளவு பொய் என்று தெரிகிறது. பிரசவத்துக்குப் பின் பழைய வேலைக்குத் திரும்ப முடியாத ஒருவர் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து முதுகுவலியோடு ஓய்வுபெற்றவர் இருந்தார். வேறு எந்த வேலைக்கும் சம்மதிக்காத கணவர், "யோகா கிளாஸ்னா சரி" என்று சொன்னதால் வந்தவரும் இருந்தார்.

அந்தக் கடைசிக் காரணத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். நம் வீடுகளில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட தொழில்கள் என்று எழுதப்படாத பட்டியல் ஒன்று உண்டு. எங்கள் அம்மாக்கள் காலத்தில் தையல், டைப்ரைட்டிங், ஹிந்தி டியூஷன். பிறகு அழகுக்கலை, மாண்டிசோரி பயிற்சி. இப்போது யோகா. இவை எல்லாவற்றுக்கும் சில பொதுத்தன்மைகள் இருக்கின்றன. வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ செய்யலாம். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடைஞ்சல் வராது. வந்து போகிறவர்கள் பெண்களும் குழந்தைகளும். வருமானம் 'கைச்செலவுக்கு ஆச்சு' என்று சொல்லும் அளவோடு நின்றுவிடும். யோகாவுக்கு இவற்றோடு ஒரு கூடுதல் வசதி, அதில் பக்தியின் சாயல் இருக்கிறது. தனியாகச் சுற்றுலா போக அனுமதி கிடைக்காத பெண்ணுக்கு, ஆசிரமத்தில் ஒரு மாதம் தங்கி யோகா படிக்க அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்தச் சந்தைப் பயன்படுத்திக்கொண்டு வெளியே வந்த பெண்களின் சாமர்த்தியத்தை நான் மதிக்கிறேன்.

யாருக்கும் டிபன் எடுத்துவைக்காமல், யாருடைய போனையும் எடுக்காமல், தன் மூச்சை மட்டும் கவனிக்கும் ஒரு மணி நேரம் நம்மில் பலருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக யோகா வகுப்பில்தான் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பிற பெண்களுக்கும் வாங்கித் தர வேண்டும், அதிலேயே சம்பாதிக்கவும் வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் பிழையே இல்லை. அந்த நியாயமான ஆசைக்கு என்ன விற்கப்படுகிறது என்பதுதான் பிரச்சினை.

200 மணி நேரக் கணக்கு

200 மணி நேரம் என்ற அளவுக்கும் பதஞ்சலிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடரான விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேற்கு நாடுகளுக்குப் போனார். 1969இல் அவர் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிதான் மேற்கில் இத்தகைய முறையான பயிற்சிகளுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. அந்த அமைப்பில் இன்றும் நான்கு வாரப் பயிற்சிதான். 1999இல் அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு உருவாகி 200, 500 மணி நேர அளவுகளைப் பரப்பியது. அந்த அமைப்பு பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்துகொள்கிறது. பயிற்சி முடித்த ஒவ்வொருவரையும் தானே உட்காரவைத்துத் தேர்வு நடத்துவதில்லை. 'இவர் தேறிவிட்டார்' என்று சொல்வது பயிற்சி கொடுத்த பள்ளிதான். பணம் வாங்கியவரும் பாடம் எடுத்தவரும் தகுதி வழங்குபவரும் ஒரே ஆளாக இருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரிஷிகேஷில் 200 மணி நேரப் பயிற்சியைப் பொதுவாக இருபத்தைந்து நாளில் முடித்துவிடுகிறார்கள். ஞாயிறு உட்பட நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். இதில் உடற்கூறுக்கும் உடலியங்கியலுக்கும் யோகா அலையன்ஸ் கேட்பது 30 மணி நேரம், அதாவது நான்கு நாள். ஒரு பிசியோதெரபிஸ்ட் நாலைந்து ஆண்டு படிக்கிறார். நான்கு நாள் படித்தவர் மறுவாரமே டிஸ்க் விலகியவரையும் ரத்த அழுத்தம் உள்ளவரையும் ஏழு மாதக் கர்ப்பிணியையும் ஒரே வகுப்பில் எதிர்கொள்கிறார். ஏதாவது நடந்தால் பழி அவர் தலையில் விழும். பயிற்சி கொடுத்தவர் அப்போது அடுத்த பேட்ச்சுக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

நம் நாட்டில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018இல் யோகா சான்றளிப்பு வாரியம் வந்தது. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, படிப்படியான நிலைகள் என்று ஓர் ஒழுங்கு அதில் இருக்கிறது. பள்ளியின் சொல்லை மட்டும் நம்பாமல் தேர்வு வைப்பது வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் இந்தத் தேர்வை எழுதாமலே ஒருவர் நாளைக் காலை ஆசிரியர் பயிற்சி மையம் என்று போர்டு மாட்டலாம் என்ற நிலைமை மாறவில்லை.

பயிற்சி ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கு ஆன்மிகக் காரணம் தேட வேண்டியதில்லை, சிறு கணக்கு போதும். மாதம் 1,500 ரூபாய் கட்டும் முப்பது பேர் ஒரு ஸ்டூடியோவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருவது 45,000. வாடகை, மின்கட்டணம், உதவி ஆசிரியர் சம்பளம் போனால் மிஞ்சுவது கொஞ்சம். அந்த முப்பது பேரில் பத்துப் பேரிடம் "உங்களுக்குள்ளே ஒரு டீச்சர் இருக்காங்க" என்று சொல்லித் தலைக்கு 40,000 ரூபாய்க்குப் பயிற்சியில் சேர்த்தால் 4 லட்சம் வருகிறது. வகுப்பு இப்படித்தான் பயிற்சிக்கு ஆள்பிடிக்கும் இடமாகிறது. பயிற்சி முடித்த பத்துப் பேரும் அதே நான்கு தெருவில் மாணவர்களைத் தேடுகிறார்கள். கட்டணம் சரிகிறது. கட்டுப்படியாகாதவர் 'அட்வான்ஸ்டு' 300 மணி நேரத்துக்கு மறுபடி பணம் கட்டுகிறார், அல்லது தானே பயிற்சி நடத்தத் தொடங்குகிறார். இதற்கு வைத்திருக்கும் பெயர் 'யோகா சமூகத்தை வளர்த்தல்'. நகைச் சீட்டும் சங்கிலித் தொடர் வியாபாரமும் பார்த்த நமக்கு இந்த வளர்ச்சியின் வடிவம் புதிதில்லை.

பெயர் இல்லாத பரம்பரை

பயிற்சியின் தத்துவ வகுப்பில் குரு பரம்பரை சொல்லித் தருவார்கள். கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார், மகன் தேசிகாச்சார். 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் மன்னர் ஆதரவோடு தொடங்கிய யோகசாலை, பிற்காலச் சென்னை வாழ்க்கை. எல்லாம் உண்மை. ஆனால் இந்த வரிசையில் சொல்லாமல் விடப்படும் பெயர்கள் ஏராளம்.

1938இல் எடுக்கப்பட்ட மௌனப் படம் ஒன்றில் கிருஷ்ணமாச்சாரியாரும் இளைஞர் ஐயங்காரும் ஆசனங்கள் செய்துகாட்டுகிறார்கள். அதே படத்தில் கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவி நாமகிரியம்மாளும் பெண் குழந்தைகளும் செய்கிறார்கள். நாமகிரியம்மாள் ஐயங்காரின் அக்கா. அந்த உறவு வழியாகத்தான் ஐயங்கார் மைசூருக்கே வந்தார். அக்காவும் பயின்றார், தம்பியும் பயின்றார். தம்பி உலகப் புகழ்பெற்றார், அக்கா ஒரு பழைய படச்சுருளில் இருக்கிறார்.

ஐரோப்பாவிலிருந்து வந்த இந்திரா தேவியை மாணவியாக ஏற்க கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்தார். பெண், அதிலும் வெளிநாட்டவர். மன்னர் தலையிட்ட பிறகே ஏற்றார். அந்த இந்திரா தேவி 1939இல் ஷாங்காயில் வகுப்பு எடுத்தார், 1940களின் இறுதியில் ஹாலிவுட்டில் ஸ்டூடியோ திறந்தார். ஐயங்காரும் ஜோயிஸும் மேற்கில் அறியப்படுவதற்கு முன்பே அங்கே யோகாவுக்கு வழி போட்டவர் அவர். மும்பையில் யோகேந்திரா 1918இல் தொடங்கிய யோகா நிறுவனத்தில் அவர் மனைவி சீதா தேவி யோகேந்திரா கற்பித்தார். 1934இலேயே பெண்களுக்கென்று யோகா நூல் எழுதினார். என் பயிற்சியில் அந்த நூலின் பெயரை யாரும் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

புணே நிறுவனத்தின் கதை இன்னும் கூர்மையானது. ஐயங்காரின் மனைவி ராமாமணி 1973இல் இறந்தார். 1975இல் திறந்த நிறுவனத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கே கற்பிக்கப்படும் முறைக்கு ஐயங்கார் யோகா என்று பெயர். கட்டடத்துக்குப் பெண்ணின் பெயர், அறிவுக்கு ஆணின் பெயர். மகள் கீதா ஐயங்கார் (1944–2018) பல பத்தாண்டுகள் அங்கே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1983இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'யோகா: பெண்களுக்கான மாணிக்கம்' என்று பொருள்படும் அவருடைய நூல், மாதவிடாய், கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஆசனங்களை எப்படி மாற்றுவது என்று விளக்குகிறது. பெண்ணின் வாழ்க்கையைக் கருப்பையின் பருவங்களாகப் பிரித்துப் பார்க்கும் அணுகுமுறையோடு எனக்கு முரண்பாடு உண்டு. பிள்ளை பெறாதவளும் பெற விரும்பாதவளும் அந்தப் பகுப்பில் எங்கே நிற்பாள்? ஆனாலும் பெண்ணுடலை விதிவிலக்காகப் பார்க்காமல் பாடத்தின் நடுவில் வைத்த எழுத்து அது. ஆசிரியர் பயிற்சியின் கட்டாயப் பாடமாக இருந்திருக்க வேண்டியது.

சிவானந்தர் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை. பத்தமடை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோரைப்பாய். கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி, பட்டுப்போல் மடியும் அந்தப் பாயை நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். அந்த ஊர் மகனின் பெயரால் உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சி நடக்கிறது. பயிற்சிக் கூடங்களில் விரித்திருப்பது பிளாஸ்டிக் மேட். யோகாவுக்கு ஒரு பொருளியல் வரலாறு எழுதினால் அந்த நெசவாளிப் பெண்களிடமிருந்தும் தொடங்கலாம். குரு பரம்பரை வரலாற்றில் அவர்களுக்கு இடம் வராது. சாதி, மதம், பால் மூன்றும் சேர்ந்து யார் குரு, யார் கைவேலைக்காரர் என்று முன்பே பிரித்துவைத்துவிட்டன.

பாடத்திட்டத்தில் இல்லாத உடல்

பயிற்சிகளில் வழக்கமாகப் பாடமாக வைக்கும் நூல் ஹடயோகப் பிரதீபிகை, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழக ஆரம்பிப்பவர் தவிர்க்க வேண்டியவை என்று அதன் முதல் அத்தியாயம் ஒரு பட்டியல் தருகிறது. நெருப்பு, பெண், பயணம். அந்த நூல் மனத்தில் வைத்திருக்கும் மாணவர் ஓர் ஆண் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் யோகினி பற்றியும் பேச்சு வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் கவலை 15ஆம் நூற்றாண்டு ஆணைப் பற்றியதல்ல. பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்த வகுப்பில் அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, ஒரு விநாடிகூட நிற்காமல் அடுத்த சுலோகத்துக்குப் போக ஒரு ஆசிரியரால் முடிந்ததே, அதைப் பற்றியது. தவிர்க்கப்பட வேண்டியவர்களே கட்டணம் கட்டி எதிரில் உட்கார்ந்திருந்தோம். நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. இன்று இதை எப்படி வாசிப்பது என்று பேசுவதற்குத்தானே தத்துவ வகுப்பு?

உடற்கூறு வகுப்பிலும் இதே கதை. தோள்மூட்டு, முதுகெலும்பு, தொடைத் தசை எல்லாம் படம் போட்டு விளக்கினார்கள். படங்களில் இருந்தது ஆணுடல். இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்று எத்தனை பெண்கள் வகுப்பு முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து சொல்கிறார்கள்! சிசேரியன் தழும்பு, வயிற்றுத் தசை விலகல், நாற்பத்தைந்துக்கு மேல் எலும்பு தேய்தல் ஆகியவை ஒரு யோகா ஆசிரியர் தினமும் சந்திக்கும் விஷயங்கள். எங்களுக்குக் கிடைத்ததோ, 'அந்த நாள்களில்' தலைகீழ் ஆசனம் செய்யக் கூடாது என்ற ஒற்றை வரி. காரணம் கேட்டவருக்கு "அபான வாயு கீழ்நோக்கிப் போகும்" என்று பதில் வந்தது. அந்த நாள்களில் ஓய்வு வேண்டுமென்று ஒரு பெண் முடிவு செய்வது வேறு. எல்லோர் முன்னிலும் மூலையில் போய் உட்காரச் சொல்வது வேறு. இரண்டாவது நம் வீடுகளில் நடந்ததுதான். அதற்குப் பணம் கட்டி, வேறு ஊருக்குப் போய், சமஸ்கிருதத்தில் கேட்க வேண்டியதில்லை.

அட்ஜஸ்ட்மென்ட்

மாணவியின் உடலை ஆசிரியர் தொட்டு, அழுத்தி, திருப்பி ஆசனத்தைச் சரிசெய்வதற்கு யோகா வகுப்புகளில் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். வீட்டில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று கேட்டே வளர்ந்த பெண்களுக்கு அந்தச் சொல் பழகிய சொல். பயிற்சிக் கூடத்திலும் அதற்கு அதே பொருள் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

மைசூரில் அஷ்டாங்க முறையைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் 2009இல் இறந்தார். அட்ஜஸ்ட்மென்ட் என்ற பெயரில் அவர் தங்களைப் பாலியல் ரீதியாகத் தொட்டதாக 2017க்குப் பிறகு பல பெண்கள் தங்கள் பெயரோடு வெளிப்படையாகச் சொன்னார்கள். விஷ்ணுதேவானந்தர் 1993இல் இறந்தார். அவரிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த பெண் 2019 டிசம்பரில் தனக்கு நேர்ந்ததை எழுதினார். பிக்ரம் சௌத்ரி ஒன்பது வாரப் பயிற்சிகளில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே கூடத்தில் வைத்து ஆசிரியர்களாக்கியவர். பயிற்சிக்கு வந்த பெண்கள் பலர் அவர்மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளோடு வழக்குப் போட்டார்கள். அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகரான பெண் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில், 2016 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவர் அமெரிக்காவை விட்டு வெளியேறினார்.

இவற்றைத் தனிமனிதர்களின் ஒழுக்கக்கேடு என்று முடித்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது. முன்னால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். சாதாரண வகுப்பில் ஆசிரியரின் கை பிடிக்கவில்லையென்றால் மறுநாள் போகாமல் இருக்கலாம். பயிற்சியில் அது முடியாது. முழுப்பணமும் முன்பே கட்டியாயிற்று. தங்குவதும் சாப்பிடுவதும் அதே இடத்தில். வீட்டில் சண்டை போட்டு அனுமதி வாங்கி வந்தாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். நாளை வேலைக்குப் பரிந்துரை சொல்ல வேண்டியவரும் அவர். இதற்கு மேல், சந்தேகப்படுவது அகங்காரம், சரணாகதிதான் ஞானத்தின் வாசல் என்று காலையும் மாலையும் தத்துவம் வேறு. தன் உடல் சொல்லும் எச்சரிக்கையைக் கவனிப்பதற்குத்தான் யோகா என்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மீறப் பெண்ணைப் பழக்குவதும் அதே பயிற்சியில் நடக்கிறது.

சட்டம் நமக்குத் துணை இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அந்த இடத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மட்டுமானது இல்லை. அங்கே பணியாளராக இல்லாத பெண்ணும் புகார் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகக் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 200 மணி நேரத்தில் இதைச் சொல்லித்தர அரைமணி நேரம் போதும்.

சேவையும் கூலியும்

யோகா உலகில் கூலி என்ற சொல்லை யாரும் விரும்புவதில்லை. சேவை, அர்ப்பணிப்பு, குடும்பம், சமூகம் ஆகிய சொற்கள் அந்த இடத்தில் வந்து உட்காருகின்றன. பயிற்சி முடித்த பெண் முதலில் மூன்று மாதம் 'சேவையாக' வகுப்பு எடுக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறாள். பெண்ணின் உழைப்புக்கு அன்பு என்று பெயர் வைத்துக் கணக்கிலிருந்து நீக்கும் வித்தையை நாம் அடுப்படியிலேயே பார்த்தவர்கள்.

அரசு என்ன செய்கிறது என்றும் பார்க்கலாம். ஆயுஷ் நலவாழ்வு மையங்களுக்குப் பகுதிநேர யோகா பயிற்றுநர்களை எடுக்கத் தெலங்கானா உள்ளிட்ட மாநிலங்கள் வெளியிட்ட அறிவிப்புகளில் இப்படி இருந்தது. ஆண் பயிற்றுநருக்கு மாதம் 32 அமர்வு, 8,000 ரூபாய். பெண் பயிற்றுநருக்கு மாதம் 20 அமர்வு, 5,000 ரூபாய். அமர்வுக்கு 250 ரூபாய் என்பது இருவருக்கும் பொது, ஆகவே பாகுபாடு இல்லை என்று அதிகாரிகள் வாதாடலாம். ஆனால் வேலையையே குறைத்துக் கொடுத்துவிட்டுச் சமக் கூலி என்பது என்ன நியாயம்? பெண்ணுக்கு 20 அமர்வு போதும் என்று முடிவு செய்தவர் மனத்தில், மீதி நேரத்தில் அவள் எங்கே இருக்க வேண்டும் என்ற தீர்மானமும் இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்களுக்கு யோகாவைக் கொண்டுபோனதில் வேதாத்திரி மகரிஷியின் (1911–2006) மனவளக்கலை மன்றங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், சமஸ்கிருதம் தெரியாதவருக்கும் புரியும்படி தமிழில் வகுத்தார். எளியமுறை உடற்பயிற்சி என்றே பெயர் வைத்தார். அங்கே ஆசிரியராகி, நாலு பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசக் கற்றுக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். இந்த நன்மையை ஒப்புக்கொண்டே ஒன்றைக் கேட்க வேண்டும். அங்கே கற்பிக்கும் அகத்தாய்வில் சினம் தவிர்த்தல் ஒரு முக்கியப் படி. சம்பளம் தராத முதலாளிமீதும், கை ஓங்கும் கணவன்மீதும் வரும் சினத்தையும் தவிர்க்கத்தான் வேண்டுமா? ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். கணவர்கள் நன்றி சொல்கிறார்கள், மனைவிகள் கண்கலங்குகிறார்கள். ஆகஸ்ட் 31 காலை யார் எழுந்து பால் காய்ச்சுகிறார்கள் என்பதைப் பற்றி அந்த விழாவில் பேச்சு இல்லை. சினம் சில நேரம் ஒரு பெண்ணுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தகவல். அதை அடக்கக் கற்றுத்தரும் பயிற்சி, அதை வாசிக்கவும் கற்றுத்தர வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்

"யோகாவில்கூட அரசியலா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.நா. 2014இல் ஜூன் 21ஐ உலக யோகா நாளாக அறிவித்ததும், மைதானங்களில் ஆயிரக்கணக்கானவர்களை உட்காரவைத்துப் படம் எடுப்பதும் அரசியல் இல்லையென்றால், ஒரு பெண் தன் சம்பளத்தையும் தன் உடம்பைத் தொடும் கையையும் பற்றிக் கேட்பது மட்டும் எப்படி அரசியலாகிறது?

ஆகவே, பயிற்சியில் சேர நினைக்கும் தோழிகள் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். தேர்வு வைப்பவர் யார், பாடம் எடுப்பவரேதானா? தேறாவிட்டால் என்ன நடக்கும், இதுவரை யாராவது தேறாமல் போயிருக்கிறார்களா? பாதியில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும், அது எழுத்தில் இருக்கிறதா? ஆசிரியர் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்பாரா, ஒருநாள் சரியென்று சொன்னவள் மறுநாள் வேண்டாம் என்று சொல்லலாமா? புகார் கொடுக்க யாரிடம் போக வேண்டும், அவர் ஆசிரியரின் மனைவியோ மகளோ இல்லாத ஒருவர்தானா? இடுப்புத்தளம், பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம் இவற்றுக்கு எத்தனை மணி நேரம்? போன பேட்ச்சில் முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று இதில் சம்பாதிக்கிறார்கள், அவர்களில் இருவரோடு தனியாகப் பேச முடியுமா?

கேள்வி கேட்கும் ஒருத்தியை 'உங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை' என்று திருப்பி அனுப்புவது சுலபம். என் பேட்ச்சில் அப்படித்தான் நடந்தது. அபான வாயு பற்றிக் கேட்டவர் மற்றவர்கள் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தார், நாங்கள் பதினான்கு பேரும் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பயிற்சி முடிந்த பிறகுதான் அந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா எங்கள் எல்லோரையும் ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்த்தார். முதல் வேலையாக, அவரவர் ஊரில் ஒரு வகுப்புக்கு எவ்வளவு வாங்குகிறோம் என்று எல்லோரும் தொகையை எழுதினோம். பிறகு, மூன்று மாதம் இலவசமாக யாரும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி ஞாயிறுதோறும் எங்களுக்கு அவரே பாடம் எடுத்தார். அதற்குச் சான்றிதழ் கிடையாது. நான் இன்று வகுப்பில் அதிகம் பயன்படுத்துவது அந்தப் பாடத்தைத்தான்.